சொன்ன வாய்க்கு வெற்றிலை

எங்கள் எம்எல்ஏ ஆண்டுக்கு ஒரு முறை தொகுதி மக்களுக்கென்று நோட்டீஸ் ஒன்று அச்சடித்துக் கொடுப்பார். எட்டுப் பக்கம். சட்டமன்றத்தில் அந்த ஆண்டு என்னென்ன சட்டம் வந்தது, அதனால் யாருக்கு என்ன பயன், தொகுதிக்கு வந்த நிதி எந்த ஊருக்குப் போனது என்றெல்லாம் அதில் இருக்கும். அட்டையில் அவர் கும்பிடுகிற படம். உள்ளே இருக்கிற எழுத்து முழுக்க என்னுடையது.

அந்த அலுவலகத்தில் நான் டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். கல்யாணமாகி மலையை விட்டு இறங்கி, சந்தவாசலில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று போனவள். ஒரு நாள் எம்எல்ஏவின் பி.ஏ. எழுதிக் கொடுத்ததில் இருந்த தப்பையெல்லாம் திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதோடு எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. சம்பளம் மட்டும் டைப் அடிப்பதற்கானதாகவே நின்றுவிட்டது.

ஐந்தாறு வருடத்தில் அரசாங்கத் தமிழின் நாடி எனக்குப் பிடிபட்டுவிட்டது. 'பரிசீலனையில் உள்ளது' என்றால் கோப்பு தூங்குகிறது. 'ஆவன செய்யப்படும்' என்றால் அதை யாரும் எழுப்பப் போவதில்லை. 'கொள்கை அளவில் ஏற்கப்பட்டுள்ளது' என்றால் காரியம் நடக்காது, ஆனால் நாம் நன்றி சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பேன். யாரையும் ஏமாற்றுகிறேன் என்று அப்போது தோன்றவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்றிருந்தது.

நோட்டீஸ் வந்ததும் எம்எல்ஏ ஊர் ஊராகப் போய்க் கொடுப்பார். ஜவ்வாது மலையில் இருக்கிற ஊர்களுக்குப் போகும்போது என்னையும் வேனில் ஏற்றிக்கொள்வார். அங்கே காகிதத்தைக் கையில் கொடுத்தால் மடித்து மடியில் வைத்துக்கொள்வார்கள். வாயால் படித்துக் காட்டினால்தான் கேட்பார்கள். "நீயே படிம்மா. அவங்க ஊர்ப் பொண்ணு சொன்னா அவங்களுக்குப் புரியும்" என்பார். அவர் சொன்னது சரிதான். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, இல்லாமல் என்ன.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆனி மாதம், நான் பிறந்த ஊருக்கு வேன் போனது. ஊர் என்றால் முப்பது நாற்பது வீடு. சாமையும் கொஞ்சம் நெல்லும் போடுவார்கள், புளியமரம் உண்டு, கொல்லைக்கு ஒரு பலா உண்டு. ஊருக்கு முன்னால் ஒரு ஓடை. வெயில் காலத்தில் செருப்பு நனையாமல் தாண்டலாம். ஐப்பசி பிறந்தால் ஆளை உருட்டிக்கொண்டு போகும். நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ இரண்டு வேங்கை மரத்தைச் சேர்த்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதில் நடந்துதான் நான் ஹைஸ்கூல் போனேன். என் அண்ணன் மகளும் அதில் நடந்துதான் பிளஸ் டூ போய்க்கொண்டிருந்தாள். மரம் ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது. பாலம் வேண்டும் என்று ஊர் மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்திருந்தது.

கோயில் வாசலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் எம்எல்ஏ. நான் நின்றுகொண்டு படித்தேன். முதலில் சட்டங்கள், பிறகு நிதி. எங்கள் ஊர் வரியும் வந்தது. 'மலைக்கிராம ஓடைப் பாலத்துக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒதுக்கீடு பரிந்துரைக்கப்பட்டுள்ளது.' நான் எழுதிய வரிதான். அண்ணன் முன்வரிசையில் குந்தியிருந்தான்.

"அப்டின்னா இன்னாம்மா? பாலம் வருமா, வராதா?" என்று கேட்டான்.

பரிந்துரை என்றால் வெறும் சிபாரிசு என்று எனக்குத் தெரியும். வனத்துறை அனுமதி இன்னும் வரவில்லை என்றும் தெரியும். ஆனால் ஊரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எம்எல்ஏவும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அது வருகிற மாதிரியே எனக்கும் பட்டது.

"வரும்ண்ணா. இந்த மழைக்கு முன்னாடியே வந்துடும்" என்றேன். காகிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் கூடிய இடத்தில் யார் ஒரு காரியத்தை வாய்விட்டுச் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றிலை பாக்கு. சொல்லி அனுப்பியவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் அதில் சேர்த்தி இல்லை. பெண் கொடுப்பதானாலும் சரி, நிலத்தைக் குத்தகைக்கு விடுவதானாலும் சரி, தட்டில் இருக்கிற வெற்றிலையை எடுத்துக்கொண்டவருடையது அந்த வார்த்தை. அதற்குப் பிறகு 'எப்போ' என்று அவரைக் கேட்கக் கூடாது. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

அன்று தட்டு எம்எல்ஏவைத் தாண்டி என்னிடம் வந்தது. அவருக்கு மாலையும் சால்வையும் போட்டிருந்ததால் அவர் கவனிக்கவில்லை. நானும் இரண்டு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். கீழே பதினைந்து வருடம் இருந்தவளுக்கு அது வெறும் மரியாதையாகப் பட்டது.

ஆடியில் அளப்பவர்கள் வந்தார்கள். இரண்டு கரையிலும் பாறையில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று ஊரே சேர்ந்து பழைய வேங்கை மரத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டது. அந்த மாதம் கோயில் திருவிழா. மரத்தைப் பிளந்து பொங்கல் வைக்க விறகாக்கிவிட்டார்கள். அண்ணன் போனில் இதைச் சந்தோஷமாகச் சொன்னான். அவசரப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். விறகான பிறகு சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன்.

ஆவணி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அனுமதி வரவில்லை, மழைக்கு முன்னால் ஒரு கல்லும் விழாது என்று. ஊருக்குச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. இன்று வரும் நாளை வரும் என்று தள்ளிப்போட்டேன். அண்ணனும் கேட்கவில்லை. வாரம் ஒரு முறை போனில் பேசுவோம். சாமை எப்படி, மாடு கன்று போட்டதா என்று பேசி முடிப்போம். மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மரம் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. பாறையில் சிவப்புக் குறி மட்டும் மழை கழுவி இன்னும் பளிச்சென்று இருந்தது. அண்ணன் என் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினான்.

வீட்டில் அண்ணன் மகள் உட்கார்ந்து புளியில் கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். லீவா என்று கேட்டேன். பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

"ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் ஓடையத் தாண்ட முடியல. அப்புறம் போய்ப் பாத்தா, பள்ளிக்கூடம் வந்த நாள் பத்தல, பரீட்ச எழுத முடியாதுன்ட்டாங்க. வூட்லயே கீறா."

அண்ணி இதைக் குழம்பில் உப்புக் குறைச்சல் என்று சொல்வது போலச் சொன்னாள். பாலத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். நான் அண்ணனிடம் கேட்டேன். காட்டில் மரம் வெட்டக் கூடாது, சரி. ஆனால் வீட்டுக் கொல்லையில் அத்தனை பெரிய பலா நிற்கிறதே.

"அத்த வெட்டிக் குறுக்கப் போட்டிருந்தா பாப்பா போயிருப்பா இல்லண்ணா?"

அவன் மரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். "காய்க்கிற மரம்மா" என்று மட்டும் சொன்னான்.

ஒரு பெண்ணின் படிப்பை விட நாலு பலாப்பழம் பெரிதாகப் போய்விட்டதா என்று எனக்குக் கோபம் வந்தது. என் தப்புக்கு ஒரு பங்காளி கிடைத்ததில் உள்ளூர ஒரு நிம்மதியும் வந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மாசியில் பி.ஏ. என்னைக் கூப்பிட்டார். "ஃபாரஸ்ட்ல பர்மிஷன் வர்ற மாதிரி தெரியல. கணக்கு வருசம் முடியுது. அப்படியே வுட்டா நிதி திரும்பிப் போய்டும். அந்தக் காச கீழ ரேஷன் கடை கட்டடத்துக்கு மாத்திட்டோம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எம்எல்ஏ அந்த அனுமதிக்காக மூன்று முறை நேரில் போய் வந்தார், அதுவும் பொய் இல்லை. யாரைப் பிடித்துச் சண்டை போடுவது என்று தெரியாமல் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த நோட்டீஸை எழுத உட்கார்ந்தபோது நடந்ததை நடந்தபடி எழுதினேன். அனுமதி கிடைக்காததால் பாலத்துக்கான நிதி வேறு பணிக்கு மாற்றப்பட்டது, அவ்வளவுதான். பி.ஏ. படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"செய்யாதத யாராவது நோட்டீஸ் போட்டுச் சொல்வாங்களாம்மா?" என்று அந்த வரியை அடித்தார். மேலே, 'ஓடைப் பாலப் பணி விரைவில் தொடங்கும்' என்று எழுதினார். நான் தலையை ஆட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

மறுபடியும் ஆனி. மறுபடியும் கோயில் வாசல். வேனை அக்கரையில் நிறுத்திவிட்டு எம்எல்ஏ வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி வந்தார். சட்டங்களைப் படித்தேன். பத்திரப் பதிவு, கூட்டுறவுக் கடன், முதியோர் உதவி எல்லாம் படித்தேன். பக்கத்தைத் திருப்பினால் அந்த வரி. அண்ணன் முந்தின வருடம் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தான். அவன் மகள் பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். பொய் சொல்லவும் முடியவில்லை, அத்தனை பேர் நடுவில் நிஜத்தைச் சொல்லவும் தைரியம் இல்லை.

குனிந்து எம்எல்ஏவிடம் காகிதத்தை நீட்டினேன். "சார், இத நீங்களே உங்க வாயால சொன்னா நல்லா இருக்கும்."

அவருக்குச் சந்தோஷம். எழுந்து நின்று காகிதத்தைப் பார்க்காமலே பேசினார். "இந்த வருசம் பாலம் கட்டி, நானே வந்து தொறந்து வெக்கிறேன். இது என் வாக்கு."

வெற்றிலைத் தட்டு வந்தது. ஒரு கணம் யார் பக்கம் போவது என்று தயங்கி, அவரிடம் போனது. அவர் ஆசையாக எடுத்து, சுண்ணாம்பு தடவி, மடித்துப் போட்டுக்கொண்டார். கூட வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். அவர் எதை மெல்கிறார் என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. எனக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஊர் இனி என்னைப் பார்க்காது, அவரைப் பார்க்கும், நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேன் போயிற்று. நான் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டேன்.

காலையில் கோடாலிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். கொல்லையில் அண்ணனும் பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேரும் பலாவை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் இருந்த காயையும் பழத்தையும் முன்னமே பறித்துக் கீழே குவித்திருந்தார்கள். அண்ணன் மகள் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, காய்க்கிற மரம்னு சொன்னியே."

அண்ணன் நிமிரவில்லை. அடுத்த வெட்டைப் போட்டான். அவன் மகள்தான் பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"போன வருசம் பாலம் வரும்னு நீ சொன்ன, அத்த. அதுக்கு மேல நாங்க மரத்த வெட்டிப் போட்டா, உன் வார்த்தைய நம்பலன்னு ஆய்டும் இல்ல? அதான் அப்பா வெட்டல. ஊர்ல யாருமே வெட்டல."

"இப்போ?"

"இப்போ அவருதானே சொன்னாரு."

அவள் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஐப்பசியும் கார்த்திகையும் அவள் அந்தக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததெல்லாம் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. நான் வாயில் போட்டு மென்று துப்பிய வெற்றிலைக்காக. பங்காளி கிடைத்தான் என்று நான் நிம்மதிப்பட்ட அண்ணன், என் வார்த்தைக்குக் காவல் இருந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் வேலையாக இருந்ததால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சாயங்காலத்துக்குள் மரத்தைக் கிளை கழித்து, கயிறு கட்டி இழுத்து, ஓடைக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பச்சை மரம், பால் வடிந்து பிசுபிசுத்தது. கனம் குறைந்தவள் என்று அண்ணன் மகளைத்தான் முதலில் நடந்து பார்க்கச் சொன்னார்கள். அவள் கையை விரித்துக்கொண்டு அக்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க பாப்பா. நானே வந்து பேசறேன். இந்த வருசம் மறுபடியும் சேந்துடுறியா?" என்று கேட்டேன்.

பாதத்தில் ஒட்டிய பலாப்பாலைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, "பாக்கலாம் அத்த" என்றாள்.

அந்த பாஷை எனக்குத் தெரியும். ஆறு வருடமாக நான் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான்.