கம்பித் தரையில் நின்ற முயல்

என் மகளின் முயல் பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தபோது, அட்டை கடித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் எங்களுக்கு அட்டைக்கடி என்றால் சுண்ணாம்புதான். மயிர் உதிர்ந்து புண்ணாகிக் கிடந்த பாதத்தில் நான்கு நாள் அதையே அப்பினேன். முயல் துடிப்பதைப் பார்த்து மகள் அழுதாள்.

"சும்மா இரு, எரிஞ்சாத்தான் ஆறும்" என்று அதட்டினேன்.

ஐந்தாம் நாள் அது எதையும் தின்னவில்லை. நிவித்திகலை டவுனிலுள்ள மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூட்டுக்குத் தரை என்ன என்று மிருக வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். கம்பி வலை என்றேன். கம்பி அழுத்தித்தான் புண் வந்தது, சுண்ணாம்பு அதை வேகவைத்துவிட்டது, சீழ் எலும்புவரை போய்விட்டது என்றார். ஒரு பலகையோ காய்ந்த சாக்கோ விரித்திருந்தால் புண்ணே வந்திருக்காதாம்.

வீடு வந்து சேருமுன் அது செத்துப்போனது.

இந்த முறை மகள் அழவில்லை. "நீங்க அந்தக் கம்பியில ஒருக்கா நின்னு பாத்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

தேயிலைச் செடி என்னைக் கீறக் கூடாதென்று தினமும் இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போகிறேன். சாயங்காலம் அதைக் கழற்றி உலரப் போட்டதெல்லாம் அந்தக் கூட்டின் மேல்தான்.