அக்கா கோடு போடாத பெயர்

அக்கா நம்மை விட்டுப் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், வர முடியாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் போனவரைத் தெய்வமாக்கி விடுவது நம் வழக்கம். அக்காவைப் பற்றி நான் அப்படி எழுதினால், "ஏண்டா, புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று எங்கிருந்தாலும் கேட்பார். ஆகவே அவர் செய்த நல்லவற்றோடு அவர் செய்த ஒரு தப்பையும் எழுதப் போகிறேன். எழுதச் சொன்னவரும் அவரே.

அக்கா பிறந்தது அரசீக்கரை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்தவர். மைசூருக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் வருடமே மாரடைப்பில் போய்விட்டார். அப்போது அக்கா நர்ஸ் பயிற்சியில் இருந்தார், நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அன்றிலிருந்து என் பள்ளிக்கூடம், என் வேலை, என் கல்யாணம் எல்லாம் அக்கா பார்த்தவை. அவருடைய கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "மொதல்ல இவனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியட்டும்" என்று பேச்சை மாற்றி விடுவார். எனக்கு லேஸ் கட்டத் தெரிந்து பல வருடம் ஆன பிறகும் அதையேதான் சொன்னார்.

பிரசவ வார்டில் பத்து வருடம் வேலை பார்த்த பிறகு, இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு சிறிய கிறிஸ்தவ மருத்துவ அமைப்பில் அக்கா சேர்ந்தார். அந்த அமைப்பு தன் நாட்டு டாக்டர்களை இங்கே அனுப்புவதில்லை. இங்கேயே இருக்கும் நர்ஸ்களுக்கும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மருந்து, பயிற்சி, ஒரு ஜீப் என்று கொடுத்து அவர்களுக்குப் பின்னால் நின்றது. அக்காவுக்குக் கிடைத்தது பாலாறு சோதனைச் சாவடிக்குப் பக்கத்துக் காட்டு ஊர்கள். திங்கட்கிழமை போனால் வியாழக்கிழமைதான் வீடு திரும்புவார்.

எங்கள் அம்மா பயந்து போனார். "வேதத்துல சேத்துடுவாங்கடி" என்று புலம்பினார். "சும்னிரும்மா, காச்சலுக்கு மாத்திரை கொடுக்கறதுக்கு எந்தச் சாமியும் கோவிச்சுக்காது" என்பது அக்காவின் பதில். அங்கே காலை ஜெபத்தோடுதான் வேலை தொடங்கும். அக்கா நெற்றி நிறைய விபூதியோடு போய் அதில் உட்காருவார். கடைசி வரை ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதை இங்கே நன்றியோடு பதிவு செய்ய வேண்டும்.

அந்த அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பணியாளருக்கும் இங்கிலாந்தில் ஒரு ஜெபக் குழு இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பணியாளர் தன் ஊர்களில் நோயாக இருப்பவர்களின் பெயர்களை எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் குழு வாராவாரம் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்து ஜெபம் செய்யும். குணமானவர் பெயர் மேல் அடுத்த தடவை கோடு போட வேண்டும். இறந்தவர் பெயர் மேலும் கோடுதான், ஆனால் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும். அக்கா ஸ்கேல் வைத்துத்தான் கோடு போடுவார். குணமானவர்களுக்கு அவர் போடும் கோடு கொஞ்சம் நீளமாகவே இருக்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் திரும்பி வந்தவர் என்றால் கோடு போட்டுவிட்டு ஒரு காபியும் கேட்பார்.

அந்தப் பட்டியலில் ஒரு தடவை மாதேவி என்ற பெயர் ஏறியது. பழனியம்மா என்ற கூலிப் பெண்ணின் குழந்தை. ஒரு வயதாகியும் எடை ஏறாத பிள்ளை. அக்காவின் குழுவில் இருந்த டோரதி அம்மையார், ஓய்வு பெற்ற நர்ஸ், அந்தப் பெயரைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டார். தன் கையால் சின்னதாக ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார். "பாலாத்து வெயிலுக்கு ஸ்வெட்டரா? நல்லா இருக்கு கூத்து" என்று நான் கேலி செய்தேன். மார்கழி மாதத்தில் அந்தக் காட்டில் ஒரு நாள் இருந்து பார் என்றார் அக்கா. குழந்தை அதைப் போட்டுக்கொண்டு நடக்கவும் தொடங்கியது.

அதற்குச் சில மாதம் கழித்து மாதேவிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அக்கா பார்த்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்து, பழனியம்மாவுக்கும் கலக்கக் கற்றுக் கொடுத்து, "நாளைக்குக் காத்தால வந்து பாக்கறேன், கொறையலேன்னா கொள்ளேகாலுக்குக் கூட்டிப் போலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். எத்தனையோ குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. இந்தக் குழந்தைக்குப் போதவில்லை. காலையில் அக்கா போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மஞ்சள் ஸ்வெட்டரோடுதான் குழந்தையை அடக்கம் செய்தார்கள்.

அந்த மூன்று மாதப் பட்டியலில் அக்கா மாதேவியின் பெயர் மேல் கோடு போடவில்லை. அதற்கடுத்த பட்டியலிலும் போடவில்லை. எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வருடத்துக்கு ஒரு பார்சல் வரும், அதில் போன வருடத்தை விடக் கொஞ்சம் பெரிய ஸ்வெட்டர் இருக்கும், அக்கா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பீரோவில் நாப்தலின் உருண்டை போட்டு வைப்பார் என்பதுதான். மூன்றாவது வந்தபோது கேட்டேன்.

"யாருக்குக்கா இதெல்லாம்?"

"ஒரு கொழந்தைக்கு."

"அப்போ கொடுக்காம ஏன் அடுக்கி வெச்சிருக்கே?"

அக்கா பீரோவைச் சாத்திவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்" என்றார். நானும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. டோரதி அம்மையார் மைசூருக்கு வருகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வர முடியாது, மாதேவியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் என் மனைவியிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவருடைய நாணயத்தை நம்பித்தான் அந்த ஜீப் அந்தக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாலு வருடமாக இல்லாத பிள்ளையை இருப்பதாகக் காட்டியவர் என்று தெரிந்தால் வேலை போகும். அதை விட, அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அக்காவின் கவலை.

அன்று நான் சொன்ன யோசனையை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பழனியம்மாவுக்கு அதன் பிறகு இன்னொரு பெண் பிறந்து மூன்று வயதாகியிருந்தது. "அந்தக் கொழந்தையையே காட்டிடு. எடை ஏறாத கொழந்தைதானே, சின்னதாத்தான் இருக்கும்னு சொல்லிக்கலாம். வெள்ளக்கார அம்மாவுக்கு என்ன தெரியப் போவுது?" என்றேன்.

அக்கா திட்டவில்லை. "அந்தக் கொழந்தையை நிறுத்தி வெச்சு, அவ அக்கா பேரைச் சொல்லிக் கூப்புடணுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

டோரதி அம்மையார் வந்து விஜயநகரில் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டார். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு, வாய் ஓயாத பேச்சு. மறுநாள் ஜீப்பில் புறப்பட்டோம். அக்காவின் ஆங்கிலம் மருந்துப் பெயர்களோடு நின்றுவிடும் என்பதால் மொழிபெயர்க்க நானும் போனேன். கொள்ளேகால் தாண்டும் வரை அக்கா உண்மையைச் சொல்லவில்லை. மலை இறங்கும்போதும் சொல்லவில்லை.

பாலாறு சோதனைச் சாவடியில் எங்களை இறக்கி விட்டார்கள். காட்டில் போலீஸ் தேடுதல் நடந்த அந்த வருடங்களில் அங்கே பையைத் திறக்காமல் யாரும் தாண்ட முடியாது. ஒரு போலீஸ்காரர் டோரதி அம்மையாரின் பையிலிருந்து நீல ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து விரித்தார். ஆறு வயதுக் குழந்தைக்குச் சரியான அளவு. யாருக்கம்மா இது என்று கன்னடத்தில் கேட்டார். கேள்வி புரியாவிட்டாலும் எதைக் கேட்கிறார் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "மாதேவி" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுடா அவங்ககிட்ட. மாதேவி இல்ல. செத்து நாலு வருஷமாச்சு. நான்தான் எழுதல. ஸ்கேலை வெப்பேன், கை வராது. காரணம்னு எழுதணுமே, என்ன எழுத? 'நாளைக்கு வரேன்னு சொன்னேன்'னு எழுதவா?"

இதை நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பாதியை விழுங்கியிருக்கலாம். அக்காவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். டோரதி அம்மையார் போலீஸ்காரரிடமிருந்து ஸ்வெட்டரை வாங்கி நிதானமாக மடித்தார். பிறகு என்னிடம், "அந்தத் தாய் இருக்கிறாளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "அப்படியானால் போவோம்" என்றார்.

பழனியம்மா அப்போது வெறும் கூலிப் பெண் இல்லை. அக்காவே பயிற்சி கொடுத்து அவரை அந்த ஊரின் சுகாதாரப் பணியாளராக்கி இருந்தார். கரைசல் கலக்க ஊருக்கே கற்றுக் கொடுத்தவர் அவர்தான். எந்தக் குழந்தைக்கும் அவர் "நாளைக்கு" என்று சொன்னதில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். நாங்கள் வந்த காரணத்தை நானே அவரிடம் சொன்னேன். அக்கா குற்றவாளி மாதிரி ஜீப் ஓரமாக நின்றார். பழனியம்மா முழுவதையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"ஏனுங்க, அங்க அவிங்க நெசமாலுமே எம்புள்ள பேரச் சொன்னாங்களா? வாய்விட்டா?"

"வாராவாரம் சொன்னாங்களாம்."

"இந்த ஊருல ஒருத்தரும் அவ பேரச் சொல்றதில்லீங்க. சொன்னா எனக்கு வருத்தமாயிருமாமா. எங்கூட்டுக்காரரும் சொல்றதில்ல. நானே சொல்றதில்லீங்க. அங்கியாச்சும் நாலு வருசமா சொல்லிட்டு இருந்திருக்காங்களே, சாமி!"

சொல்லிவிட்டு அவர் அழுதார். அக்கா ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். டோரதி அம்மையாருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, ஆனால் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை.

பீரோவிலிருந்த மூன்று ஸ்வெட்டர்களையும் அக்கா கொண்டு வந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவற்றில் சின்னது பழனியம்மாவின் சின்னவளுக்கு அன்றைக்கே சரியாக இருந்தது. மற்றவை வருடத்துக்கு ஒன்றாக அவளுக்குச் சேர்ந்தன. தங்கை அக்காவின் சட்டையைப் போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

மைசூருக்குத் திரும்பியதும் அக்கா அலுவலகத்தில் தானே நடந்ததை எழுதிக் கொடுத்தார். விசாரித்தார்கள், கண்டித்தார்கள், வேலையில் தொடரச் சொன்னார்கள். அடுத்த பட்டியலில் மாதேவியின் பெயர் மேல் கோடு போடலாமா என்று அக்கா பழனியம்மாவையே கேட்டார். "இருக்கட்டுமுங்க நர்ஸம்மா" என்றார் அவர். அதிலிருந்து ஒவ்வொரு பட்டியலிலும் முதல் பெயர் அதுதான். பக்கத்தில், "இவள் இப்போது இல்லை. நான் மறுநாள் வருவதாகச் சொன்னேன். பெயர் இருக்கட்டும்" என்று எழுதியிருக்கும்.

சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்தது போன வருடத்துக்கு முந்தின வருடம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பட்டியல் நின்றதில்லை. கடைசிப் பட்டியலில் ஏழு பெயர்களுக்கு நீளக் கோடு போட்டார். நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு மலர் கிலர் போட்டா இந்தக் கதையையும் எழுது. உன் யோசனையையும் சேத்து எழுது, விட்டுடாதே" என்று சொல்லிச் சிரித்தார். எழுதிவிட்டேன் அக்கா.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவைக் கடைசி வரை கவனித்த டாக்டருக்கும் வார்டு சகோதரிகளுக்கும், இரத்தம் கொடுத்த என் ஒர்க் ஷாப் நண்பர்களுக்கும், விறகு முதல் சாப்பாடு வரை பார்த்துக்கொண்ட விஜயநகர் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் ஏறி வந்து, அக்காவைக் குளிப்பாட்ட நான்தான் உரிமையுள்ளவள் என்று நின்ற பழனியம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

டோரதி அம்மையாருக்குச் செய்தி எழுத எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பேனாவை எடுப்பேன், கை வராது. சோதனைச் சாவடியில் "என்ன எழுத?" என்று அக்கா கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. ஒருவழியாக எழுதினேன். பதில் போன மாதம் வந்தது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் சபையின் வழக்கம் இல்லையாம். ஆகவே போனவர்களின் பெயர்களை நன்றி சொல்லும் நேரத்தில் படிக்கிறார்களாம். "மாதேவிக்குக் கீழே உங்கள் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறோம். கோடு போட வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார். போட வேண்டாம் என்று அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் அக்காவின் பெயரை ஓர் இடத்திலும் எழுதவில்லை. மூத்தவரைத் தம்பி பெயர் சொல்வது எங்கள் வீட்டில் பழக்கமில்லை, இந்த வயதில் எனக்கு அது வரவும் வராது. உங்களில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாகும் என்று நினைத்து ஒரு வருடமாக என் முன்னால் நீங்கள் அதைச் சொல்வதில்லை. அவர் பெயர் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. தயவு செய்து வாய்விட்டு ஒரு தடவை சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.