நான் திருடன் என்று எழுதிய ஜெபமாலை

சேலத்தில் செல்போன் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனாலும் ஆண்டவர் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார். இணையத்தில் இலவச ஆப்களுக்கென்றே ஒரு ஆப் ஸ்டோர் உண்டு. அதில் வரும் ஆப்புக்குள் எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். அதை நடத்துவதும் சம்பளம் வாங்காத எங்களைப் போன்றவர்கள்தான். தமிழில் எது வந்தாலும் முதலில் நான் பார்ப்பேன். திருட்டு வேலை இல்லையென்றால் சரி என்பேன். இன்னொருவரும் பார்த்துச் சரி சொன்ன பிறகே அது மக்களுக்குப் போகும். ஒரு பரலோக மந்திரம் சொல்லாமல் அந்த வேலையை நான் தொடுவதில்லை.

ஜெபமாலை மாதமான அக்டோபர் பிறக்க ஒரு வாரம் இருந்தபோது, 'ஜெபமாலை' என்ற ஒரே பெயரில் இரண்டு ஆப்கள் வந்தன. ஜெபமாலையில் கிழமைக்கு ஏற்பத் தியானம் மாறும். முதலாவதில், வியாழக்கிழமைக்குச் சந்தோஷ தேவ இரகசியங்கள் என்று போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. வியாழக்கிழமை ஒளியின் மறைபொருள்கள் அல்லவா சொல்கிறோம்? ஜெபமே தெரியாத எவனோ பக்தர்களை ஏமாற்ற அவசரமாகச் செய்த போலி என்று முடிவுகட்டி, 'தீய நோக்கம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மூன்று நாளுக்குள் மறுப்பு வராவிட்டால், அதைச் செய்தவர் அங்கே இனி எதையுமே ஏற்ற முடியாது.

இரண்டாவதில் நாட்களெல்லாம் சரி. படங்களும் அழகு. போனில் வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. 'தினம் ஒரு இறைவசனம் அனுப்புவதற்காக' என்று காரணமும் சொன்னது. மாதா பேரைச் சொல்கிறவன் பொய் சொல்வானா? சரி போட்டுவிட்டேன்.

தள்ளியவர் பெயரும் எண்ணும் ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் மதியம் கடைக்கு ஒரு போன்.

"ஏனுங்க, ஜெபமாலையத் தள்ளுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"நான் திருச்செங்கோடுங்க. போர்வெல் போடுற ரிக் வண்டி டிரைவருங்க. போர் ஓடுற நேரத்துல போன்லயே படிச்சுப் படிச்சு ஒரு வருசமா எழுதுனதுங்க அது. திங்கக்கெழம சத்தீஸ்கருக்கு வண்டியெடுக்கோணும். திரும்பி வர ஆறு மாசமாகுமுங்க. காட்டுக்குள்ள டவர் கெடைக்காது. நெட்டே இல்லாம ஏழு மணிக்கு எம்பட போன்லயும் ஊட்டுக்காரி போன்லயும் ஒண்ணா மணியடிக்கும். ரெண்டு பேரும் சேந்து சொல்லலாமுன்னுதானுங்க பண்ணுனேன். என்னையப் போயித் திருடன்னு எழுதிப்போட்டீங்களே!"

"வியாழக்கிழமை தப்பா இருக்கேங்க?"

"எங்கம்மா புஸ்தகத்துல அப்படித்தானுங்க இருக்குது."

சாப்பிடக் கூப்பிட வந்த என் மனைவி ஸ்பீக்கரில் இதைக் கேட்டுவிட்டாள். உள்ளே போய், எங்கள் வீட்டுப் பீடத்திலிருந்து அட்டை கிழிந்த பழைய ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். வியாழக்கிழமை: சந்தோஷ தேவ இரகசியங்கள். ஒளியின் மறைபொருள்கள் பிற்பாடு சேர்ந்தவை. சிறு வயதில் முட்டிபோட்டு நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"இத்தனை வருசமா மாதா முன்னாடி இதைத்தான் வச்சிருக்கோம். அப்ப நாமளும் போலியா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில், எதிர்முனையில் அவரும் சிரித்துவிட்டார்.

உடனே இரண்டு ஆப்களையும் மறுபடி பிரித்தேன். டிரைவர் செய்தது எந்த அனுமதியும் கேட்கவில்லை, மணி அடிப்பதைத் தவிர. அழகான இரண்டாவதைச் சோதனைப் போனில் போட்டு, அதற்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். வந்த நொடியே அந்தச் செய்தியை எடுத்து வெளியே எங்கோ அனுப்பப் பார்த்தது. வங்கிக்காரன் அனுப்பும் ஓடிபியும் இப்படித்தானே போயிருக்கும்! நல்லவேளை, இரண்டாவது ஆள் அதை இன்னும் பார்க்கவில்லை. என் சரியை அழித்துவிட்டு, தீய நோக்கம் என்ற டிக்கை அது விழவேண்டிய இடத்தில் போட்டேன். ஜெபம் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று பார்க்க என்னை யாரும் உட்காரவைக்கவில்லை. போனில் எதைக் கேட்கிறது என்று பார்க்கத்தான் வைத்தார்கள்.

டிரைவரைக் கூப்பிட்டு, "என் பாவம்ங்க, மன்னிச்சிருங்க" என்றேன்.

"பாவசங்கீர்த்தனத்த எங்கிட்டயாங்க பண்ணுறது? சாமியார்கிட்டப் போங்க. எனக்கு ஆப்ப மட்டும் ஏத்தியுடுங்க, போதும்."

தள்ளியதற்கான காரணம் தவறு என்று என் பெயரிலேயே எழுதி, சரியும் போட்டு, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். திங்கட்கிழமை காலை அவரும் சரி போட்டார்.

சிறிது நேரத்தில் டிரைவரிடமிருந்து போன். பின்னால் ஒரே சத்தம்.

"இருங்க, வண்டிக்குப் பூசணிக்காய் சுத்தி ஒடைக்கறாங்க... ஆங், ஏறிருச்சுங்க! ஊட்டுக்காரி போன்லயும் போட்டாச்சு. சோதிச்சுப் பாக்கோணும்னு இப்பவே மணியடிக்க வெச்சுட்டா."

மணிச் சத்தம் எனக்கே கேட்டது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஏனுங்க, போனை வெச்சுட்டு வாங்க, ஆரம்பிக்கலாம்" என்றது.