புள்ளியில் சேராதவர்

காரைக்குடிச் செட்டியார் வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் அசன் முகம்மது. ஈயத்தைவிட வாய் சூடு. வருஷா வருஷம் குடியரசு தினத்தன்று கடைவீதியில் கொடியேற்றிவிட்டு வக்கீல் அழகுசுந்தரம் செட்டியார் அரசியல் சட்டத்தின் பெருமையைப் பேசுவார். "இந்திய மக்களாகிய நாம் நமக்கே எழுதிக்கொண்ட சட்டம்" என்று அவர் எடுத்ததும் கூட்டத்திலிருந்து இவர் குரல் கிளம்பிவிடும்.

"ஒங்க நகரத்தார் கோயிலுக்கு வரி போடணும்னா, கல்யாணமான ஆம்பள ஒவ்வொருத்தரையும் ஒரு புள்ளின்னு எண்ணித்தானே கூட்டம் போடுறீக? நாட்டுக்குச் சட்டம் எழுதையில எங்களைப் புள்ளியில சேத்தீகளா, வக்கீலய்யா?"

கேள்வி அநியாயமில்லை. நாற்பத்தாறாம் வருஷத் தேர்தலில் வரி கட்டியவர், நிலபுலன் உள்ளவர், படித்தவர் இவர்களுக்குத்தான் ஓட்டு. அந்த ஓட்டில் ஜெயித்தவர்கள்தான் சட்டம் எழுத ஆள் அனுப்பினார்கள். வக்கீலின் தகப்பனாருக்கு ஓட்டு இருந்தது. ஈயம் பூசுகிறவருக்கு ஏது?

"எழுதுனது யாரா இருந்தா என்ன ராவுத்தரே, எல்லாருக்கும் சேத்துத்தான எழுதியிருக்கு" என்பார் வக்கீல்.

"அழைக்காத விருந்துக்கு எலை மட்டும் போட்டுவச்சா ஆச்சா?" என்பார் இவர். ஊர் சிரிக்கும். வக்கீலும் சிரித்துவிடுவார்.

எழுபத்தாறு கோடையில் அந்தச் சிரிப்பெல்லாம் போயிற்று. அவசரநிலைக் காலம். அச்சாபீசில் வேலை பார்த்த இவர் தம்பி நாகூர் கனியை, விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் போலீஸ் கொண்டுபோனது. அரசாங்கத்தைக் குறை சொல்லி யாரோ கொடுத்த துண்டு நோட்டீசுக்கு எழுத்துக் கோத்தானாம். எந்த ஜெயில் என்றுகூடச் சொல்ல ஆளில்லை. அசன் முகம்மது வக்கீல் வீட்டுக்கு ஓடினார்.

"காரணம் சொல்லாம ஆளைப் புடிக்கப்படாதுன்னு ஒங்க சட்டத்துல இருக்குன்னீகளே. அதை வச்சு ஒரு மனுப் போடுங்கய்யா."

வக்கீலுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அந்த உரிமையையெல்லாம் நிறுத்தி வச்சிருக்காக ராவுத்தரே. ஏன் புடிச்சேன்னு கேக்க வழியில்லைன்னு டெல்லி கோர்ட்டே சொல்லிருச்சு."

"யாரைக் கேட்டு நிறுத்துனாக?"

கூட்டத்தில் வம்புக்குக் கேட்கிற குரல் இல்லை இது. சொத்தைப் பறிகொடுத்தவன் குரல்.

"என்னையும் கேக்கல" என்றார் வக்கீல்.

வெளியே தம்பி பெண்சாதி ஷரபுன்னிசா கைப்பிள்ளையோடு வெயிலில் நின்றிருந்தாள். "வக்கீல் என்ன சொன்னாக, மச்சான்?"

அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நமக்கும் ஒரு சட்டம் இருந்திருக்கு, அம்மா" என்றார். "இப்ப இல்லையாம்."