எண்ணெய் இல்லாத இரண்டு மாதங்கள்

என் கணவரின் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தது. அன்று மாலையே நல்லெண்ணெய் பாட்டிலை மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். தாளிப்பு கிடையாது. இட்லிப் பொடிக்கு வெந்நீர். மூன்று பேருக்கும் ஒரே சமையல். மூன்றாவது ஆள் எங்கள் மகள், இரண்டு வயது.

இரண்டு மாதத்தில் அவள் கால்களில் தோல் வெளிறிச் சொரசொரப்பானது. எந்நேரமும் சொறிந்தாள். நாங்கள் இருக்கும் அயனம்பாக்கத்து போர்வெல் தண்ணீரைச் சந்தேகித்தேன். மூன்று சோப்பு மாற்றினேன். கேன் தண்ணீரில் குளிப்பாட்டினேன்.

வாசலுக்கு வரும் மீன்கார அக்கா அவள் காலைத் தடவிப் பார்த்தார். "இன்னாம்மா, பாப்பா காலு கருவாடு மாரி கீது? மத்தி வறுத்துக் குடு."

"வறுக்கறதில்லக்கா. ஆவியிலதான்."

"மீன இட்லி மாரி அவிக்கிற ஊடு இப்பதான் பாக்கறேன்."

சிரித்து வைத்தேன். மறுநாளே அம்பத்தூரில் குழந்தை மருத்துவரிடம் போனேன். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"எண்ணெயே சேர்க்கறதில்ல டாக்டர்." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஏன்?"

கணவரின் ரிப்போர்ட்டைச் சொன்னேன்.

"அவரோட பத்தியத்தை இவ எதுக்கும்மா இருக்கா? சில கொழுப்பை உடம்பு தானா செஞ்சுக்காது. எண்ணெய், எள்ளு, மீன்னு சாப்பாட்டுலதான் வரணும். அது இருந்தாத்தான் தோல் ஈரத்தை வெளியே விடாது. இது ஒண்ணேதான் காரணம்னு சொல்ல மாட்டேன். களிம்பு எழுதறேன். ஆனா எண்ணெயை நிறுத்தாதீங்க. அவருக்கே அடியோட நிறுத்தச் சொன்னது யாரு?"

யாரும் சொல்லவில்லை. நானேதான்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை இறக்கினேன். முதல் வாரம் மருந்து மூடியில் அளந்து ஊற்றினேன். கூடிவிடுமோ, குறைந்துவிடுமோ என்று பயம். சனிக்கிழமை மத்தி வாங்கி வறுத்து, முள் எடுத்து ஊட்டினேன். தினமும் காலையில் அவள் காலைத் தடவிப் பார்ப்பேன். ஒரு மாதம் கழித்து விரலில் எதுவும் உரசவில்லை. அதற்குள் மழையும் தொடங்கியிருந்தது. களிம்பா, எண்ணெயா, மழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று காலை மகளின் இட்லிப் பொடியில் எண்ணெயை அளக்காமல் ஊற்றினேன். கணவர் அவள் தட்டை எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒரு சொட்டு," என்றார்.

மகள் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டாள். "அப்பாக்கு இல்ல."

அவர் தட்டிலும் ஒரு ஸ்பூன் விட்டேன்.