லாயத்துப் பிரசவ வார்டு

மழை பெய்தால் வார்டில் குதிரை வாசனை எழும். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும், பினாயில் ஊற்றிக் கழுவியும் அது போகவில்லை. மைசூர்ப் பிரபு ஒருவரின் குதிரை லாயம் அது. மோட்டார் கார் வாங்கியதும் அவர் குதிரைகளை விற்றுவிட்டுக் கட்டடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார். தடுப்புச் சுவர் எழுப்பிக் கட்டில்களைப் போட்டுப் பிரசவ வார்டு ஆக்கினார்கள். நர்ஸ் ஜேன் வந்து சேர்ந்தபோது கட்டில்கள் எல்லாம் காலி.

"குதிரை கட்டுன எடத்துல போய்ப் புள்ளை பெக்கறதா?" என்று ஊர் சிரித்தது.

ஜேனின் கணவர் கொர்னேலியஸுக்குப் பெங்களூரில் ரயில்வே வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்கள் சொற்பம். அவள் பெங்களூருக்கு மாற்றல் கேட்டபோது ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா, "இந்த வார்டை நிமித்திக் காட்டு. அப்புறம் நானே அனுப்பி வைக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி ஜேன் பக்கத்துப் பேட்டையான மண்டி மொஹல்லாவில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கர்ப்பிணிகளை அழைத்தாள். கால் வெடித்தது. நவராத்திரி பிறந்தபோது நாலைந்து பெண்கள் வந்து படுத்திருந்தார்கள்.

ஆயுத பூஜையன்று காலை, சுவரில் பதிந்திருந்த, குதிரை கட்டும் பழைய இரும்பு வளையத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. குதிரைக்காரனாக இருந்து இப்போது வார்டுக் காவல்காரனாகிவிட்ட தொட்டையன் செய்த வேலை. சுவரில் கறை படக் கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம். தூக்கமில்லாத கண்களோடு ஜேன் ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள்.

எதிர்க் கட்டிலில், கொள்ளேகாலிலிருந்து மொஹல்லாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மாதம்மா வீறிட்டாள். "ஐயோ, நெறமாசக்காரி கண்ணு முன்னால குங்குமத்த அழிக்கறீங்களே! எம் புருசன் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணாரு?"

"அது செவுருதானே, மாதம்மா..."

"செவுருன்னா என்னுங்க? குங்குமம் குங்குமந்தானுங்க."

மத்தியானத்துக்குள் எல்லோரும் மூட்டையோடு போய்விட்டார்கள்.

"தொட்டையா, திரும்ப வெச்சுடு" என்றாள் ஜேன்.

"நான் வெச்சா ஆகாது, நர்ஸம்மா. அழிச்ச கையே வெக்கணும். அதுவும் அவங்க பாக்க வெக்கணும்."

"நான் சர்ச்சுக்குப் போறவப்பா."

"குதிரை எந்தக் கோயிலுக்குப் போச்சு? அதுக்கும்தானே வெச்சோம்!"

ஜேன் மாதம்மாவின் வீட்டுக்கு நடந்து, வந்து பார்க்கும்படி கேட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் புடைசூழ மாதம்மா வார்டுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். ஜேன் வளையத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பழக்கமில்லாத விரல். குங்குமம் வழிந்து அவள் வெள்ளை உடுப்பில் கொட்டியது.

"இந்த வளையத்துல கட்டுன பெட்டைக் குதிரை ஒண்ணுகூட ஈத்துல சாகல, தெரியுமா?" என்று தொட்டையன் சத்தமாக எடுத்துவிட்டான்.

"நெசமாவா?" என்றாள் மாதம்மா.

"சாமுண்டி மேல ஆணை!"

மாதம்மா தன் கட்டிலில் ஏறிப் படுத்தாள். இரண்டாம் நாள் சுகப்பிரசவம். குதிரை ராசி என்ற பேச்சு மொஹல்லா முழுக்கப் பரவியது. பொங்கலுக்குள் கட்டில் போதாமல் தரையில் பாய் போட வேண்டியதாயிற்று. டாக்டரம்மா வளையத்தைப் பார்த்தாள். நிறைந்த வார்டையும் பார்த்தாள். சட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஜேன் மாற்றலை நினைவுபடுத்தினாள்.

"உன்னை நம்பித்தானே வர்றாங்க, ஜேன்? நீ போனா இது மறுபடியும் லாயந்தான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சரிங்க, டாக்டர்."

வாசலில் இன்னொரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியிலிருந்தவள் வலியில் அலறிக்கொண்டிருந்தாள். ஜேன் நின்று நின்று கடுத்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கதவோரம் மிச்சமிருந்த இடத்தில் பாயை விரித்தாள்.