ஜினதாஸ் தேர்ந்தெடுத்த பிரிண்டர்

வியாழக்கிழமை காலை ஜினதாஸின் மருமகள் போன் செய்து, "மாமா தவறிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். "நேத்து சாயந்திரம்கூட போன்ல பேசினாரேம்மா!" என்று கத்தினேன், ஏதோ அவள் பொய் சொல்வதுபோல. அந்தப் பெண் அழுதுவிட்டாள். எனக்கு எதற்கும் கோபம்தான் முதலில் வரும். ஆபீஸில் என்னோடு இருந்து, இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அது தெரியும். இருபத்தாறு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அதைப் பொறுத்துக்கொண்டவர் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் எங்கள் வீட்டுக்கு வருவார். எங்கள் ஆரணித் தெருவில் விசைத்தறிச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்திப் பேசுவோம். தேசூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். ஆனாலும் கடைசி வெளிச்சம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சைக்கிளில் பறப்பார்.

போன வருடம் என் மனைவி விஜயாவின் கண் மங்கத் தொடங்கியது. இனித் தேறாது, குறைந்துகொண்டேதான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து வருடமாகக் கணினியில் நாட்குறிப்பு எழுதிவந்தவள் அவள். இப்போது திரையைப் பார்த்தாலே கண் கூசியது. "முழுசா போறதுக்குள்ள நான் எழுதினத நானே ஒரு தடவ படிச்சிடணுங்க. பெரிய எழுத்தா காகிதத்துல எடுத்துக் குடுங்க" என்றாள்.

எங்கள் கணினியோ அரதப் பழசு. அவள் பயன்படுத்திய எழுத்துரு அதில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். புதியதில் திறந்தால் வெறும் கிறுக்கல். அதனால் அதை மாற்றவும் வழியில்லை. நான் கடையில் பளபளவென்று நின்ற ஒரு பிரிண்டரைக் கட்டச் சொன்னேன். ஜினதாஸ் என் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னா அவசரம்? அது புதுசு, உன்னுது கெழவன். ரெண்டுக்கும் ஒத்துப்போவுமான்னு பாக்க வாணாமா?"

மறுநாள் கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். "மாப்பிள்ளையையே கூட்டிகினு வந்துட்டேன், ஒவ்வொண்ணா காட்டுங்க" என்றார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பிரிண்டர்கள் எங்கள் பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது, மை ஊற்றும் தொட்டி வைத்தது, ஒரு பக்கத்தைத் தள்ளியது. நாட்குறிப்பிலிருந்து ஏதோ ஒரு பக்கம், நான் படிக்கவில்லை. ஜினதாஸ் அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எச்சில் தொட்டு ஓரத்தில் தேய்த்தார். "கருப்பு பளிச்சினு கீது, கலையல. இதையே எடு" என்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வந்தார். "ஓட்டாம விட்டா மை காஞ்சி அடைச்சிக்கும்" என்று மை ஊற்றித் துடைத்து, அந்த வாரத்துக்கு வேண்டியதை அச்செடுத்துத் தருவார். வருகிற தாள்களைக் கவிழ்த்துத்தான் அடுக்குவார். விஜயா காபி என்றால், "வாணாம்மா, பொழுதோட சாப்பிடணும்" என்று கிளம்பிவிடுவார். மணி நாலுகூட ஆகியிருக்காது. வயதாக ஆக ஆசாரம் கூடிவிட்டது என்று நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் போன பத்தாம் நாள், பூதக்கண்ணாடியோடு படித்துக்கொண்டிருந்த விஜயா என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு தாள். அதன் ஓரத்தில் ஈர விரல் தேய்த்த சுருக்கம். 'ஜினதாஸ் அண்ணன் வந்தால் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். தினமும் இரண்டு காபி, ஓயாத கத்தல். எனக்கென்று ஒரு சாயங்காலம் இந்த வீட்டில் கிடையாதா? ஒரே பேஜார்.'

"இத அவரு படிச்சிட்டாராங்க?" என்றாள். கடையில் அவர் வெயிலில் பிடித்துப் பார்த்த தாள் அது என்றேன். "படிச்சிட்டும் எனக்காக வந்துகினு இருந்தாரே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஒரு வருடம், ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்போம். அவர் கேட்கவில்லை, பாவி மனுஷன்.

அவர் புண்ணியத்தில் அவள் பாதிக்கு மேல் படித்துவிட்டாள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். ஆனால் கடையில் வந்தது ஒரே பக்கம். பின்னால் வந்த தாள்களையெல்லாம் கவிழ்த்தே அடுக்கியவர், அந்தப் பக்கத்துக்கு மறுநாள் அவள் எழுதியதைப் பார்க்கவே இல்லை. அதை உங்கள் முன்னால் அவருக்குப் படிக்கிறேன்:

'இன்று ஜினதாஸ் அண்ணன் வரவில்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நாளைக்கும் வராவிட்டால் இவரை அனுப்பிக் கூட்டிவரச் சொல்ல வேண்டும்.'